மழை உப்புக் கரிக்கேல்லை

(முன்பள்ளி ஆசிரியைகளின் பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த சனசமூக நிலையத்தாரே, ஒலிபெருக்கிக்காரத் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். பணிப்பாளருக்குப் பொன்னாடை போர்த்த மறந்துவிட்டது என்று பின்னாலிருந்து சொல்கிறார்கள். தேநீருக்கு முன் போர்த்துவார்கள். ஐயா பொறுத்தருள வேண்டும்.

சிறுதுளி பெருவெள்ளம். நீர் வட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது பற்றி, ஆவி, மேகம், மழை, ஊறல் என நாலு விடயம் பேசுவதாக ஏற்பாடு. ஆவியில் தொடங்குவோம்.

ஓர் ஊரில் ரீச்சர் கரும்பலகையில் படம் கீறினா. சூரியன், கடல், மேலே போகும் அம்புக்குறி, மேகம். "கடல் தண்ணிதான் பிள்ளையள் மழையா வருது." அன்று பின்னேரமே மழை. ஒரு பொடியன் முற்றத்தில் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். அம்மம்மா குடையோடு ஓடி வாறா. "டேய், தடிமன் பிடிக்கப்போகுது, உள்ளுக்கு வா!" "பொறணை அம்மம்மா, உப்புப் பாக்கிறன்." மறுநாள் வாசலிலேயே வழக்கு: "ரீச்சர், நீங்கள் பொய். மழை உப்புக் கரிக்கேல்லை." பக்கத்தில் அம்மம்மா. சாட்சிக்கு! அவவும் நாக்கை நீட்டிப் பார்த்தவவாம். (சிரிப்பு)

அம்புக்குறி உப்பை எங்கே விட்டுவிட்டுப் போனது என்று அந்தப் படம் சொல்லவில்லை. ஆனையிறவு உப்பளம் சொல்லும்: தண்ணீரை வெயில் கொண்டுபோகும், உப்புப் பாத்தியிலே கிடக்கும். இதை முற்றத்திலேயே காட்டலாம். அகன்ற பேசினில் குடிக்கிற தண்ணீர் இரண்டு விரல் உயரம் விட்டு, கைப்பிடி கறியுப்பைக் கரையுங்கள். நடுவில் பாரமான பீங்கான் கோப்பை. பிளாஸ்ரிக் என்றால் மிதந்து கவிழும். கோப்பையின் விளிம்பு பேசின் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மேலே தெளிந்த பொலித்தீனைக் காற்றுப் போகாமல் இழுத்துக் கட்டி, கோப்பைக்கு நேரே ஒரு கூழாங்கல் வையுங்கள். பொலித்தீன் கோப்பையில் முட்டினால் துளி உள்ளே விழாமல் வெளியே வழியும். காலை ஒன்பது மணிக்கு வெயிலில் வைத்தால் இரண்டு மணிக்குச் சில கரண்டி தண்ணீர் கிடைக்கும். பிள்ளைகள் முதலில் பேசினையும் பிறகு கோப்பையையும் ருசி பார்க்கட்டும். பத்து நிமிடத்தில் திறந்து பார்த்துவிட்டு "சரிவரேல்லை" என்பதுதான் வழமையான பிழை. சிறுதுளி பெருவெள்ளம், பொறுமை வேண்டும்.

மேகத்துக்கு வருவோம் என்றால் நேரம் ஓடுகிறது. மழைமானியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலைத் தோளுக்குக் கீழே வெட்டி, மேல்துண்டைப் புனலாகக் கவிழ்த்து வையுங்கள். அடி மேடுபள்ளமாக இருப்பதால், சுவர் நேராகும் மட்டத்துக்குச் சல்லிக்கல்லும் தண்ணீரும் நிரப்பி, அங்கேதான் பூச்சியம் கீற வேண்டும். பலர் அடியிலிருந்தே அடிமட்டம் வைத்து அளந்து ஏமாறுகிறார்கள். மாமரத்துக்குக் கீழே வைத்தால் இலைச்சொட்டையும் சேர்த்து அளப்பீர்கள்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் பெய்தால் 1,000 லீற்றர். அது பீலி வழியே எங்கே போகிறது? றோட்டுக்கு. இங்கேதான் பணிப்பாளர் அவர்களிடமும் கிராம அலுவலர் அவர்களிடமும் ஒரு விண்ணப்பம்.

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். நாம் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீருக்கு மேலே மிதக்கும் மழைநீர். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். மேலே இருப்பதை மோட்டரால் இறைத்துத் தள்ளினால் கிணறு சவராகும்.

அந்த நீரை நிரப்பும் வாசல் குளம். நமது குளமோ பாதி மண், பாதி குப்பை. ஒரு ஏக்கர் குளத்தில் ஓரடி தூர் அகற்றினால் 12 லட்சம் லீற்றருக்கு மேல் இடம் பிறக்கும். சிறுதுளி பெருவெள்ளம்தான், நிற்க ஒரு பள்ளம் இருந்தால்!

மாரி தொடங்கும் ஐப்பசிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் குளத்தைத் தூர்வாரித் தாருங்கள் என்பதே நான் சொன்ன விண்ணப்பம். கையொப்பப் படிவம் தேநீர் மேசையில், பால்மாப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனை கட்டியிருக்கிறது, தயவுசெய்து கொண்டுபோய்விடாதீர்கள்.