தேம்ஸ் கரையில் நின்ற வரிசை

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2022 செப்டம்பர் 8ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் இரண்டாம் எலிசபெத் அரசி காலமானார். வயது 96. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அரியணையில் இருந்தவர். அவருக்கு இறுதி மரியாதை செலுத்த லண்டனில் மக்கள் இரவு பகலாக நின்றார்களே, அந்த வரிசையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அரசியின் வாழ்க்கை வரலாற்றுக்குள் நான் போகவில்லை.

அந்த வாரத்தில் இரண்டு விதமான பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. தேசமே கண்ணீரோடு திரண்டு நிற்கிறது என்றார்கள் சிலர். இந்தக் காலத்திலும் ராஜா ராணிக்குக் கும்பிடு போட இத்தனை பேரா, இது அடிமைப் புத்தி என்றார்கள் வேறு சிலர். இரண்டு தரப்புமே வரிசையில் நின்றவர்களைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டது. நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பொறுமையாகக் கேட்டவர்கள் குறைவு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அரசியின் உடல் வைக்கப்பட்டிருந்த, நாடாளுமன்ற வளாகத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு வந்தவர்கள் சுமார் 2,50,000 பேர். அந்த நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 6.7 கோடி. ஆயிரம் பேரில் நான்கு பேர்கூட இல்லை. அதற்கு முன் எடின்பரோவில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் வைத்திருந்தபோது வந்த 33,000 பேரைச் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. ஆகவே தேசமே நின்றது என்பது மிகை. பலர் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பலர் வேலைக்குப் போனார்கள். முடியாட்சியே வேண்டாம் என்று நினைப்பவர்களும் அந்த நாட்டில் நிறையப் பேர் உண்டு. இளையவர்களிடம் அரச குடும்பத்துக்கு ஆதரவு குறைவு என்று கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன.

ஆனாலும் இரண்டரை லட்சம் பேர் நின்றார்கள். அதுவும் சாதாரணமாக நிற்கவில்லை.

14ஆம் தேதி புதன்கிழமை மாலை 5 மணிக்கு மண்டபம் திறந்தது. 19ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மூடினார்கள். இரவிலும் சாத்தவில்லை. வரிசை தேம்ஸின் தென்கரையோரமாக லண்டன் ஐ, நேஷனல் தியேட்டர், டேட் மாடர்ன், டவர் பாலம் என்று நீண்டு, அதன் வால் சதர்க் பூங்காவில் கிடந்தது. வால் இப்போது எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்ல அரசே யூடியூபில் நேரலை நடத்தியது. ஒரு கட்டத்தில் அது காட்டிய நேரம் 24 மணி. வெள்ளிக்கிழமை, பூங்கா நிரம்பிவிட்டது, தயவுசெய்து வராதீர்கள் என்று அறிவித்தார்கள். அப்போது பூங்காவின் கேட்டுக்கு வெளியே இன்னொரு வரிசை உண்டானது. வரிசையில் சேர்வதற்காக ஒரு வரிசை!

நின்றவர்கள் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட வண்ணப் பட்டை ஒன்றைக் கையில் கட்டினார்கள். கழிப்பறைக்கோ தண்ணீருக்கோ போய்விட்டு உங்கள் இடத்துக்குத் திரும்ப அதுதான் அத்தாட்சி. வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. கூடாரம் போட அனுமதி கிடையாது. வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால் உட்கார வாய்ப்பு குறைவு. இரவுக் குளிரில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களோடு போர்வையையும் பிஸ்கட்டையும் பகிர்ந்துகொண்டார்கள். பாலத்தைக் கடந்து விக்டோரியா டவர் தோட்டத்துக்கு வந்த பிறகு, நாடாளுமன்றக் கட்டடம் கண்முன்னே நிற்க, தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நடக்க வேண்டியிருந்தது. அந்தப் பகுதிதான் மிகவும் கஷ்டம் என்று பலர் சொன்னார்கள். பிறகு விமான நிலையத்தில் செய்வதைப் போன்ற சோதனை. சாப்பாடு, தண்ணீர் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. மண்டபத்துக்குள் கைப்பேசியைத் தொடக் கூடாது. பெட்டியின் முன் கிடைப்பதோ சில விநாடிகள். ஒருவர் தலை குனிவார், ஒருவர் சிலுவைக் குறி இடுவார், ஒரு பழைய ராணுவ வீரர் விறைப்பாக சல்யூட் வைப்பார், ஒருவர் கை கூப்புவார். அவ்வளவுதான், வெளியே போய்விட வேண்டும்.

அந்தச் சில விநாடிகளுக்காக ஏன் 12 மணி நேரம் நிற்க வேண்டும்? செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கூட்டங்களின் உளவியலை ஆராயும் பேராசிரியர் ஸ்டீபன் ரெய்ச்சர் அந்த வாரமே ஓர் எச்சரிக்கை விடுத்தார். நிற்கிற எல்லோரும் ஒரே காரணத்துக்காக நிற்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள் என்பது அதன் சாரம். சிலருக்குப் பக்தி, சிலருக்கு வரலாற்று நிகழ்வில் தானும் இருந்தோம் என்ற நிறைவு, சிலருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை. எல்லாம் உண்மை. இதோடு இன்னொன்றையும் நான் சேர்க்க விரும்புகிறேன்.

மண்டபத்தை அடைவதற்குச் சற்று முன், செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு நீண்ட சுவர் இருக்கிறது. சுமார் அரை கிலோமீட்டர் நீளம். அந்தச் சுவர் முழுக்கச் சிவப்பு நிறத்தில் சின்னச் சின்ன இதயங்கள். கொரோனாவில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று, அவர்களைப் பறிகொடுத்த குடும்பத்தாரும் தன்னார்வலர்களும் 2021 மார்ச்சில் வரையத் தொடங்கியவை. ஒன்றரை லட்சத்துக்கும் மேல். சிலவற்றுக்குள் பெயர், தேதி, 'அம்மா', 'தாத்தா' என்று கையால் எழுதியிருக்கும். அரசியைப் பார்க்கப் போன வரிசை அந்தச் சுவரை ஒட்டித்தான் மெல்ல மெல்ல நகர்ந்தது.

அந்த இதயங்களுக்கு உரியவர்களில் எத்தனையோ பேருக்கு முறையான வழியனுப்பல் நடக்கவில்லை. சொந்தத் தாயின் உடலைக்கூடப் பார்க்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இறுதிச் சடங்குக்கு இங்கிலாந்தில் 30 பேருக்கு மேல் கூடக் கூடாது. அரசியின் கணவர் பிலிப்பின் இறுதிச் சடங்கு 2021 ஏப்ரல் 17 அன்று விண்ட்சரில் நடந்தபோதும் அதே 30 பேர்தான். முகக் கவசத்தோடு, ஒரு பெஞ்சில் தன்னந்தனியாக அரசி உட்கார்ந்திருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய இரவில் பிரதமர் அலுவலகத்தில் ஊழியர்கள் விருந்து வைத்துக் கொண்டாடியது பின்னால் வெளியே வந்தது. அரண்மனையிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஊருக்கு உள்ள சட்டம்தான் எனக்கும் என்று ஒரு 94 வயது மூதாட்டி அன்று உட்கார்ந்திருந்தார். அரச குடும்பத்தின் மேல் எந்தப் பற்றும் இல்லாத பலருக்கும் அந்தப் படம் மனதில் நின்றுவிட்டது. வரிசையில் நின்ற பலர் தங்கள் வீட்டுச் சாவுக்குச் செய்ய முடியாமல் போன மரியாதையையும் சேர்த்துத்தான் அங்கே செலுத்தினார்கள் என்று நான் நம்புகிறேன்.

இப்படிப் பார்த்தால்தான் அந்த வாரத்தில் வெடித்த கோபமும் புரியும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரிசையில் நிற்கத் தேவையில்லை. கூட நான்கு பேரையும் அழைத்து வரலாம். கோயிலில் சிறப்பு தரிசனக் கதவு திறந்து மூடுவதை தர்ம தரிசன வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பிரபலத் தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் வரிசையைத் தாண்டி உள்ளே போனதாகச் செய்தி வந்தது. படப்பிடிப்புக்காக, உரிய அனுமதியோடுதான் போனார்கள் என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஜனங்கள் ஏற்கவில்லை; பல்லாயிரம் பேர் அவர்களுக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டார்கள். கால்பந்து வீரர் டேவிட் பெக்காமோ நள்ளிரவில் வந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, எல்லோரையும் போல 12 மணி நேரத்துக்கு மேல் நின்றார். அவரை ஊரே மெச்சியது. அரச குடும்பத்தைப் பிடிக்காதவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் நியாயம் எது என்பதில் ஒன்றுபட்டார்கள்.

இது புதிய வழக்கமும் அல்ல. மன்னர்களுக்கு அது 1910இல் ஏழாம் எட்வர்டோடு அதே மண்டபத்தில் தொடங்கியது. 1952இல் ஆறாம் ஜார்ஜுக்கு மூன்று லட்சம் பேர். 1965இல் சர்ச்சில் மன்னரே இல்லை. அவருக்கும் மூன்று நாளில் மூன்று லட்சத்துக்கு மேல் வந்தார்கள். தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் 2016 அக்டோபரில் இறந்த பிறகு, ஏறக்குறைய ஓராண்டு காலம் கறுப்பு உடையில் வந்து அஞ்சலி செலுத்தியவர்கள் ஒரு கோடியே இருபத்தேழு லட்சம் பேர்! ஆனால் அங்கே மன்னரை விமர்சித்தால் சிறை. நிற்க மாட்டேன் என்று உரக்கச் சொல்ல முடியாத இடத்தில், நின்றவர்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் மக்கள் மனதை அளக்கக் கூடாது.

லண்டனில் சொல்ல முடிந்ததா? முழுதாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். புதிய மன்னரின் பிரகடனத்தின்போது 'இவரை யார் தேர்ந்தெடுத்தது' என்று ஆக்ஸ்ஃபோர்டில் குரல் எழுப்பியவரைப் பிடித்தார்கள். நாடாளுமன்றத்துக்கு எதிரே வெற்றுத் தாளோடு நின்ற ஒரு வழக்கறிஞரிடம், இவர் என் மன்னர் அல்ல என்று எழுதினால் கைது செய்ய நேரிடும் என்று ஒரு போலீஸ்காரர் சொன்னார். எதிர்ப்புத் தெரிவிக்க மக்களுக்கு உரிமை உண்டு என்று லண்டன் காவல்துறை பிறகு அறிவிக்க வேண்டி வந்தது. துக்கத்தின் பெயரால் வாயடைப்பது தவறு. மனம் விரும்பி நிற்கும் வரிசைக்குத்தான் மதிப்பு. அடுத்தவன் வாயைக் கட்டிவிட்டு நின்றால் அந்த மதிப்பு குறைந்துவிடும்.

அப்புறம், நமக்கும் இதில் ஒரு பாத்தியதை உண்டு. 1972இல் குடியரசாகும் வரை இலங்கைக்கும் அவர்தான் அரசி. அந்த வரிசையின் முன்பகுதியிலேயே இலங்கையில் பிறந்தவரும் நின்றார். பேரரசின் கொடுமைகளை மறக்காத வீடுகளிலிருந்தும், அந்த நாட்டில் பிள்ளைகளை ஆளாக்கிய நன்றியோடும் நம்மவர்கள் அங்கே போனார்கள். போனவர்களைத் துரோகி என்பதும், போகாதவர்களை நன்றி கெட்டவர்கள் என்பதும் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த முறை இப்படியொரு வரிசை வரும்போது சில விஷயங்கள் மாற வேண்டும். உறுப்பினர்களின் பக்கக் கதவை மூடட்டும். அமைச்சர் வந்தாலும் கையில் பட்டை கட்டிக்கொண்டு பூங்காவிலிருந்து நடக்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி வரிசை 2022இல் சனிக்கிழமையே நிரம்பி மூடப்பட்டது. உண்மையில் சலுகை தேவைப்பட்டவர்கள்தான் ஏமாந்து திரும்பினார்கள். அவர்களுக்கு இடத்தை இரட்டிப்பாக்கட்டும். எதிர்ப்புப் பலகையோடு வருகிறவருக்கும் ஆற்றங்கரையில் நிற்க ஓர் இடம் இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.