ஜப்பானியச் சிறையிலிருந்து வீடு வரை

நண்பர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கிய கைதிகள் பட்ட பாடு நமக்கு ஓரளவு தெரியும். சயாம் மரண ரயில் என்ற பெயரைக் கேட்காதவர்கள் இந்த அரங்கில் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் இன்று பேச வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. போர் முடிந்தது, சரி. அப்புறம் அந்த மனிதர்கள் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள்? யார் யார் போய்ச் சேர்ந்தார்கள்? இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

முதலில் இரண்டு எண்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியிடமும் இத்தாலியிடமும் சிக்கிய பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகளில் நூற்றுக்கு 4 பேர் இறந்தார்கள். ஜப்பானிடம் சிக்கியவர்களில் நூற்றுக்கு 27 பேர் இறந்தார்கள். டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றம் பதிவு செய்த கணக்கு இது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலிய வீரர்கள் பிடிபட்டார்கள். மூன்றரை ஆண்டுகள் பசி, வயிற்றுப்போக்கு, பெரிபெரி என்ற சத்துக்குறை நோய், மலேரியா. சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை போட அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் கொண்டுபோகப்பட்டு, அவர்களில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் அங்கேயே செத்தார்கள். போர்னியோவில் சண்டாக்கான் முகாமில் இருந்த சுமார் 2,400 ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளில் போரின் முடிவில் உயிரோடு இருந்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரும் தப்பி ஓடியவர்கள். முகாமில் தங்கிய ஒருவரும் மிஞ்சவில்லை.

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் பேரரசர் சரணடைவதாக வானொலியில் அறிவித்தார். முகாம்களுக்கு அந்தச் சேதி ஒரே நாளில் போகவில்லை. சில முகாம்களில் தண்ணீர்க் குடுவைக்குள்ளும் துடைப்பக் கட்டைக்குள்ளும் ஒளித்து வைத்திருந்த ரேடியோக்கள் இருந்தன. பிடிபட்டால் அடித்தே கொல்வார்கள் என்று தெரிந்தும் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்ள முடியாது. காவலாளி இன்னும் துப்பாக்கியோடு நிற்கிறான். கடைசி நேரத்தில் எல்லோரையும் சுட்டுவிடுவார்கள் என்ற பயம் வேறு. 1944 டிசம்பரில் பிலிப்பைன்சின் பலாவான் தீவில் அமெரிக்கக் கைதிகளைப் பதுங்குகுழிக்குள் தள்ளி எரித்தார்களே, அதனால் அதை வீண் பயம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஜப்பான் முறைப்படி கையெழுத்துப் போடும்வரை ஜப்பானியர் வசமுள்ள இடங்களில் யாரும் தரையிறங்கக் கூடாது என்று அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் உத்தரவிட்டிருந்தார். கையெழுத்து ஆனது செப்டம்பர் 2. நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. விடுதலை வந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் மருந்து இல்லாமல் அந்த நாட்களில் இறந்தவர்கள் உண்டு. தென்கிழக்காசியாவில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் படை விமானத்திலிருந்து துண்டறிக்கைகளைப் போட்டது: இருக்கும் இடத்திலேயே இருங்கள், அவசரப்பட்டு நிறையச் சாப்பிடாதீர்கள், வந்துகொண்டிருக்கிறோம். ஜப்பானில் கைதிகள் முகாம் கூரையின்மேல் பெரிய எழுத்தில் அடையாளம் எழுதி வைக்க, பெரிய குண்டுவீச்சு விமானங்கள் வந்து உணவு நிரப்பிய பீப்பாய்களைப் போட்டன. பாராசூட் அறுந்து விழுந்த பீப்பாய்க்கு அடியில் சிக்கிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். சுருங்கிப்போன வயிறு தாங்காமல், கிடைத்ததைத் தின்று இறந்தவர்களும் இருக்கிறார்கள். மூன்றரை வருடம் தாக்குப்பிடித்துவிட்டு இப்படி! படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதே இல்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாள் முன்பு 65 ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர் ஒரு கப்பலில் ஏறினார்கள். சுமத்ராவுக்குப் பக்கத்தில் பங்கா தீவருகே குண்டு வீசி அதை மூழ்கடித்தார்கள். பன்னிரண்டு பேர் கடலோடு போனார்கள். கரை சேர்ந்தவர்களில் ஒரு குழுவை ஜப்பானிய வீரர்கள் கடலுக்குள் நடக்கச் சொல்லி, பின்னாலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். 21 செவிலியர் இறந்தார்கள். ஒருவர் மட்டும் இடுப்பில் குண்டு பாய்ந்து, செத்தவர் போல் மிதந்து பிழைத்தார். அவர் விவியன் புல்விங்கல். காட்டில் சில நாள் ஒளிந்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி ஜப்பானியரிடமே போய்ச் சரணடைந்தார். முகாமில் தன் தோழிகளைப் பார்த்ததும் நடந்ததைச் சொன்னார். அத்தனை பேரும் அன்று ஒரு முடிவு எடுத்தார்கள்: இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ஒரு சாட்சி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் அவளையும் கொன்றுவிடுவார்கள் அல்லவா? மூன்றரை ஆண்டுகள் அந்த ரகசியத்தைக் காத்தார்கள். குண்டு துளைத்த சீருடையையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். இன்று அது கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது.

போர் முடிந்தபோது இந்தச் செவிலியர் எங்கே இருக்கிறார்கள் என்றே வெளியுலகுக்குத் தெரியாது. சுமத்ராவின் உள்ளே, ரப்பர்க் காட்டுக்கு நடுவில் ஒரு முகாம். தேடிக் கண்டுபிடித்து 1945 செப்டம்பரில்தான் விமானத்தில் ஏற்றினார்கள். முகாமில் எட்டுப் பேர் நோயில் இறந்திருந்தார்கள். 65 பேரில் திரும்பியவர்கள் 24. அதற்கு அடுத்த ஆண்டு புல்விங்கல் டோக்கியோ நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார்.

ஜாவாவில் கதை வேறு மாதிரிப் போனது. போருக்கு முன் அந்த நாட்டை ஆண்ட டச்சுக்காரர்களின் குடும்பங்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெண்களும் குழந்தைகளுமாக முகாம்களில் கிடந்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. பழைய எஜமானர்கள் திரும்ப வரக்கூடாது என்று இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். முகாமை விட்டு வெளியே வந்த டச்சுக்காரர்களுக்கு வீதியில் பாதுகாப்பு இல்லை. மறுபடி முகாமுக்குள்ளேயே போனார்கள். வாசலில் காவலுக்கு நின்றது யார்? நேற்றுவரை அவர்களை அடித்த அதே ஜப்பானியச் சிப்பாய்கள்தான். பிறகு வந்து பொறுப்பேற்ற படைகளில் 23ஆவது இந்திய டிவிஷனும் ஒன்று. இந்தோனேசியர் கேட்டது நியாயமான உரிமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முகாமில் எலும்பாகிப்போன குழந்தை மறுபடி அதே வேலிக்குள் போனதும் அநியாயம்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரிட்டிஷ் கைதிகளின் பயணத்துக்கு வருவோம். பாங்காக்கிலிருந்து டக்கோட்டா விமானங்களில் ரங்கூனுக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் கப்பல். வழியில் கொழும்புத் துறைமுகத்தில் நல்ல வரவேற்பு கிடைத்தது. சூயஸ் பக்கம் அதாபியாவில் எல்லோருக்கும் கம்பளி உடை கொடுத்தார்கள். கோவணத்தோடு இருந்த மனிதர்கள் இங்கிலாந்தின் குளிருக்குப் போகிறார்கள் அல்லவா! முதல் கப்பல்கள் சவுத்தாம்ப்டனுக்கும் லிவர்பூலுக்கும் வந்தது அக்டோபர் தொடக்கத்தில். வெற்றி விழாவெல்லாம் ஆகஸ்டிலேயே முடிந்துபோயிருந்தது. ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

திரும்பியவர்கள் கையில் ஒரு காகிதம் கொடுக்கப்பட்டது. நீங்கள் பட்டதைப் பத்திரிகைக்காரர்களிடமும் பொது இடத்திலும் பேச வேண்டாம். அங்கே இறந்தவர்களின் குடும்பங்கள் படித்தால் மனம் நோகும் என்பது அதன் சாரம். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கலாம். விளைவு என்னவாயிற்று? பேசாதே என்று அரசாங்கமே சொன்ன பிறகு, பல பேர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இரவில் அலறி எழுந்த அப்பாவை அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏன் என்று தெரியாமலே பார்த்து வளர்ந்தார்கள். அந்த உத்தரவை நான் ஒரு கொடுமை என்றே சொல்வேன். பங்கா தீவுச் செவிலியர் வாய் மூடியிருந்தது உயிருக்காக. ஊர் திரும்பிய பிறகு வாயை மூடச் சொல்ல என்ன அவசியம்?

உடம்பும் விடவில்லை. சத்துக் குறைவால் பார்வை நரம்பு பழுதானவர்கள் இருந்தார்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று ஒரு புழு, வெறுங்காலோடு சேற்றில் நிற்கும்போது தோல் வழியாக உள்ளே போகும். மனித உடம்புக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கக்கூடியது. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் மருத்துவர்கள் முன்னாள் கைதிகளைத் தொடர்ந்து சோதித்தபோது, சயாம் காட்டில் ஏறிய புழு முப்பது வருடம் கழித்தும் அவர்கள் குடலில் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஓய்வூதியம் கேட்டுப் போனவரிடம், நோய்க்கும் போருக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபி என்றார்கள். எந்த முகாமில் மருத்துவக் குறிப்பு எழுதக் காகிதம் இருந்தது?

நஷ்ட ஈடும் பேருக்குத்தான். ஜப்பானோடு 1951இல் செய்த சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கைப்படி, வெளிநாடுகளில் இருந்த ஜப்பானியச் சொத்துகளை விற்ற பணத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் பங்கிட்டார்கள். ஒரு பிரிட்டிஷ் வீரருக்குக் கிடைத்தது 76 பவுண்டுக்குச் சற்று அதிகம். பிரிட்டிஷ் அரசு தன் கையிலிருந்து பத்தாயிரம் பவுண்டு கொடுக்க முன்வந்தது 2000ஆம் ஆண்டில். அதற்குள் பெரும்பாலோர் இறந்துபோயிருந்தார்கள்.

இந்திய வீரர்கள் திரும்பிய கதை நம் நாட்டிலேயே அதிகம் தெரியாது. பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது விசாரணை, செங்கோட்டை வழக்கு என்று பெரிய வரலாறு இருக்கிறது. சேராமல் இருந்தவர்களில் சுமார் 3,000 பேரை 1943இல் நியூகினியின் வீவாக்குக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். பசியிலும் நோயிலும் அடியிலும் கரைந்து, கடைசியில் இருநூறு பேர் அளவுக்கே மிஞ்சினார்கள். அவர்களில் ஒரு சிறு குழுவை 1945 செப்டம்பர் கடைசியில் செபிக் ஆற்றங்கரையில் அங்கோரம் என்ற இடத்தில் ஆஸ்திரேலியர்கள் மீட்டார்கள். அந்தக் குழுவின் தலைவர் சிந்த் சிங். போர்க்குற்ற வழக்கில் சாட்சி சொல்ல அவரை நிறுத்திக்கொண்டு, மற்ற பத்துப் பேரை ஊருக்கு அனுப்ப நவம்பரில் விமானத்தில் ஏற்றினார்கள். அந்த விமானம் விழுந்து பத்துப் பேரும் இறந்தார்கள். சாட்சி சொல்லத் தங்கியவர் மட்டும் வீடு சேர்ந்தார்.

இனி, பெயரைப் பற்றி ஒரு விஷயம். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் டேவிட் நெல்சன் என்ற அதிகாரி, கைதி எந்த முகாமுக்குப் போனார், எங்கே இறந்தார் என்று ஆள்வாரியாகக் குறித்து வைக்கும் ஒரு பிரிவை நடத்தினார். ரயில் பாதையிலும் கைதிகள் புதைகுழிப் பட்டியல்களை ரகசியமாக எழுதிப் பதுக்கினார்கள். அதனால்தான் 1945 செப்டம்பரில் பதிமூன்று பேர் கொண்ட ஒரு குழு பாதை நெடுகத் தேடிப்போய், 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடிக்க முடிந்தது. கிடைக்காமல் போனவை 52 மட்டும். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரி மயானத்தில் ஏழாயிரம் பேர் அளவுக்கு அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் இருக்கிறது.

அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளிகள் இரண்டு லட்சம் பேர் வரை. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் அதிகம். அவர்களில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். வேலை, நல்ல கூலி என்று சொல்லியும், சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டு லாரியில் ஏற்றியும் கொண்டுபோனார்கள். போர்க்கைதிகளுக்குத் தங்கள் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், பட்டியல் எழுத ஆள் இருந்தது. இவர்களுக்கு எதுவும் இல்லை. 1943இல் காலரா வந்தபோது முகாம் முகாமாக விழுந்தார்கள். பின்னால் கைதிகளிலிருந்தே சில மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் நேரம் கடந்திருந்தது. ஆசியத் தொழிலாளிகளில் இறந்தவர் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. போர் முடிந்தும் உயிரோடிருந்தவர்கள் சயாம் முகாம்களில் காத்துக் கிடந்தார்கள். முதலில் வெள்ளையரை அனுப்பினார்கள். நம் ஆட்களை மலாயாவுக்கு ரயிலேற்றும் வேலை 1946 வரை இழுத்தது. தோட்டத்துக்குத் திரும்பியவர் பார்த்தது, ஆண் துணை இல்லாத குடும்பங்கள் நிறைந்த லயங்களை.

ஜப்பானியரே 1944இல் காஞ்சனபுரிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண் கட்டினார்கள். அதில் பல மொழிகளோடு தமிழும் இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. மலேசியத் தமிழர்களின் முயற்சியால் 2023இல்தான் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலயத்தில் நம் தொழிலாளர்களுக்கு நடுகல் நட்டார்கள். எண்பது வருடம் ஆனது.

இந்த அரங்கில் மலாயாவோடு உறவுள்ள குடும்பங்கள் நிச்சயம் இருக்கும். தாத்தாவோ, தாத்தாவின் அண்ணனோ 'சயாமுக்குப் போனவர் திரும்பி வரலை' என்று வீட்டில் பேச்சு அடிபட்டிருக்கும். அந்தப் பெரியவரின் பெயர், எந்தத் தோட்டம், கங்காணி யார், எந்த வருடம் போனார், சொந்த ஊர் எது என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதுங்கள். பழைய கடிதமோ மணியார்டர் ரசீதோ இருந்தால் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்து அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது அதில் எழுதிவிட்டுப் போங்கள்.

வணக்கம்.