தூங்கி விழும் கோழியை யார் அறுப்பது?

(காட்சி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டு முற்றம். கூட்டருகே ஒரு கோழி செட்டையைத் தொங்கவிட்டு, கழுத்தைத் திருகியபடி நிற்கிறது.)

குரல்: பச்சையாகக் கழிகிறது, கழுத்து திருகுகிறது. இராணிக்கெட் என்னும் கோழி வைரஸ் நோய் என்று வன்னியில் சின்னப் பிள்ளையும் சொல்லும். வீட்டில் அடுத்து எழும் பேச்சும் தெரிந்ததுதான்: “சாவதற்கு முதல் அறுத்துவிடுவோம்.”

நன்றாகக் கொதித்த கறியில் வைரஸ் பிழைக்காது. ஆனால் கறிக்கு முன்னால் கத்தி இருக்கிறது. சுடுதண்ணீரில் தோய்த்து இறகு பிடுங்கும் கை இருக்கிறது. அந்தக் கை கண்ணில் பட்டாலும், உடல்நலம் உள்ளவருக்குப் பெரும்பாலும் சில நாள் கண் சிவந்து நீர் வடிவதோடு சரி.

(காட்சி: மேசையில் மாத்திரை அட்டைகள்.)

குரல்: சிறுநீரகம் மாற்றியவரின் கதை வேறு. வேறொருவரின் உறுப்பை உடல் தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை அவர் நாள்தோறும் விழுங்குகிறார். தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கு மருந்தேற்றித் திரும்பியவருக்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம். காவற்காரனை அனுப்பிவிட்ட வயல் மாதிரி. உள்ளே நுழைந்தது மேய்ந்துகொண்டே இருக்கும்.

இது வெறும் ஊகமில்லை. புறாக்களிடையே சுற்றும் இராணிக்கெட் வகை வைரஸ், அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்களை மாற்றும் சிகிச்சை பெற்றவர்களின் நுரையீரலைத் தாக்கிக் கொன்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்த ஒரு குழந்தையின் மூளைக்கே அது போனது. 2025 நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில், வேறு நோய்களும் இருந்த முதியவர் ஒருவர் எச்5என்5 என்னும் வேறொரு வைரஸ் தரும் பறவைக் காய்ச்சலால் இறந்தார். அவரும் வீட்டு முற்றத்தில் கோழி வளர்த்தவர்தான். இவை மிக அரிதாக நடப்பவை. கோழிகளை விற்றுவிடச் சொல்லவில்லை.

(காட்சி: மூக்கையும் வாயையும் கட்டிய ஓர் இளைஞன், காய்ந்த எச்சத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டைச் சுரண்டுகிறான்.)

குரல்: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால், கூடு துப்புரவாக்குவதும் கோழி அறுப்பதும் வேறொருவரின் வேலையாகட்டும். கோழிக்குத் தடுப்பு மருந்து போடுவதும் அப்படித்தான். கண்ணில் விடும் அந்தச் சொட்டிலும் வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ்தான் இருக்கிறது. பலர் இதை யோசிப்பதே இல்லை. சுண்டிக்குளத்து வலசைப் பறவைகளைத் தூர நின்று பார்க்கலாம். செத்துக் கிடப்பதை மட்டும் யாரும் வெறுங்கையால் தூக்கக்கூடாது.

அப்படியும் காய்ச்சலும் இருமலும் வந்தால், கோழி செத்த கதையை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நுரையீரல் நோய்க்கு வழக்கமாகச் செய்யும் பரிசோதனைகளில் இராணிக்கெட் அகப்படாது.