ஓடுகிற கணினியை ஓரம் கட்டலாமா?

நேயர்களே, வணக்கம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டிலேயே தையல் வேலை. மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, 2017இல், ஒரு லேப்டாப் வாங்கினார்கள். மகள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாள். இப்போது அந்த லேப்டாப் அக்காவிடம்தான் இருக்கிறது. பிளவுஸ் டிசைன் வீடியோ பார்ப்பார், யார் எவ்வளவு பாக்கி என்று கணக்கு எழுதி வைப்பார், இரவில் மகளோடு முகம் பார்த்துப் பேசுவார்.

ஒரு நாள் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது: விண்டோஸ் 10க்கான ஆதரவு முடியப்போகிறது. அக்கா பயந்துபோய் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது விண்டோஸ் 11 எடுக்காதுக்கா, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து அக்கா கேட்டது இதுதான்: "நல்லா ஓடுறதை ஏன் தம்பி தூக்கிப் போடணும்?"

வீட்டுக்கு எந்த இயங்குதளம் நல்லது, விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்ற வாதம் நான் கணினி தொட்ட நாளிலிருந்து நடக்கிறது. பெரும்பாலும் அதில் பேசுகிறவர்கள் கணினியே தொழிலாக உள்ளவர்கள். நான் அக்காவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். என் கட்சியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு பழைய கணினியைக் கழித்துக் கட்டும் முன், அதில் லினக்ஸ் ஓடுகிறதா என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கட்டட வேலையில் மேஸ்திரி என்ன செய்கிறாரோ, கணினிக்குள் இயங்குதளம் அதைத்தான் செய்கிறது. திரை, விசைப்பலகை, நினைவகம், வைஃபை எல்லாவற்றையும் வேலை வாங்குவது அதுதான். நாம் திறக்கிற ஒவ்வொரு செயலியும் அந்த மேஸ்திரியைக் கேட்டுத்தான் எதையும் செய்ய முடியும். அதனால் அதில் ஓர் ஓட்டை இருந்தால் வீடு முழுக்கத் திறந்து கிடப்பது போலத்தான்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறுநாள் கணினி நின்றுபோகாது. எப்போதும் போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வராது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது; இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போடாத கணினிகளும், திருத்தமே வராத பழைய பதிப்பில் ஓடிய கணினிகளும்தான் மாட்டிக்கொண்டன.

சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்றால், அங்கே வாசலிலேயே சில நிபந்தனைகள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பவை பெரிய விஷயமில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். கணினியின் மூளையான ப்ராசசர் இன்டெல் நிறுவனத்துடையது என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, அது எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பாதியில்தான். அக்காவின் லேப்டாப் ஏழாம் தலைமுறை. சில மாத வித்தியாசத்தில் வெளியே நிற்கிறது. பாதுகாப்புக்காகத்தான் இந்த நிபந்தனை என்கிறார்கள், அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வீடியோ பார்க்கவும் கணக்கு எழுதவும் தாராளமாகப் போதுகிற ஒரு பொருள், ஒரு பட்டியலில் பெயர் இல்லாததால் குப்பைக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனை மாதத் தையல் காசு அது!

வீட்டுக் கணினிகளுக்கு இன்னோர் ஆண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தம் தருகிற ஏற்பாடு ஒன்றையும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமித்து இலவசமாகப் பெறலாம். யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் அது உதவும். செய்யவே கூடாதது ஒன்று உண்டு. சில இடங்களில் கள்ளப் பிரதியைப் போட்டு, ஆக்டிவேட்டர் என்று ஒரு சின்ன நிரலை ஓட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை ஓட்டுவதற்காக முதலில் வைரஸ் தடுப்பை அணைத்து வைப்பார்கள். எவனோ எழுதிய அந்த நிரல் உள்ளே வேறு என்னென்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதே கணினியில்தான் நாம் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

மேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினியையும் ஆப்பிளே செய்கிறது, இயங்குதளத்தையும் அதுவே எழுதுகிறது. அதனால் இரண்டும் அழகாகப் பொருந்திப்போகின்றன. 2020 நவம்பரில் எம்1 சில்லோடு வந்த மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது, சத்தமில்லாமல் வேகமாக ஓடும். தமிழில் எழுத முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுறை நீண்ட காலமாக மேக்கோடு சேர்ந்தே வருகிறது. வசதி இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் இப்போதைய மேக்புக்கில் பின்னால் ரேம் கூட்ட முடியாது, வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும். அப்புறம், இன்டெல் சில்லு உள்ள மேக்குகளுக்கு 2025இல் வந்த டஹோ என்ற இயங்குதளம்தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. அக்காவின் கேள்வி அங்கேயும் எழத்தான் போகிறது.

இனி லினக்ஸ். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கிய வேலை அது. பெயரைக் கேட்டாலே அது பொறியாளர்களின் சமாச்சாரம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் கருவாக ஓடுவது லினக்ஸ்தான். நம் மாநிலத்தில் 2011 முதல் மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உபுண்டு என்ற வகையை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில்தான் கணினி பழகுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு வருவது நமக்கு வராதா?

அக்காவின் லேப்டாப்பில் நான் லினக்ஸ் மின்ட் போட்டேன். லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. மின்ட்டைத் தேர்ந்ததற்குக் காரணம், கீழே இடது பக்கம் மெனு, வலது ஓரம் கடிகாரம் என்று பழகிய இடத்தில் பழகிய பொருள் இருப்பதுதான். 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. 2024இல் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. விலை கிடையாது.

அதோடு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி மாட்டினேன். இதை எல்லா வீட்டுக்கும் சொல்வேன். "கணினி மெதுவாகிவிட்டது" என்று என்னிடம் வருகிற பத்தில் பாதிக்கு மேல், சுழலும் தட்டு உள்ள அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருந்திருக்கிறது. விண்டோஸே வேண்டும் என்பவர்களுக்கும் இதுதான் முதல் வைத்தியம்.

அக்காவுக்குத் தமிழில் கணக்கு எழுத வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பழைய தட்டச்சு இயந்திர முறையும் உண்டு, அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழில் பெறும் முறையும் உண்டு. ஆனால் அழகி, என்எச்எம் ரைட்டர் மாதிரி விண்டோஸுக்கு எழுதப்பட்ட செயலிகளிலேயே விரல் ஊறியவர்களுக்கு முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும். தெரிந்த ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், கடைக்கணக்கை வீட்டில் உட்கார்ந்து டேலியில் போடுவார். அவர் கணினியிலும் ஆர்வக்கோளாறில் லினக்ஸ் போட்டுவிட்டேன். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மாற்று வழியில் ஓட்டிப் பார்த்ததில் ஏதாவது ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் இருந்த பழைய லேசர் பிரிண்டருக்கும், அதை இயக்கும் டிரைவர் நிரல் சரியாக அமையவில்லை. வரி தாக்கல் செய்யக் கடைசித் தேதி வேறு நெருங்கிவிட்டது. ஒரே வாரத்தில் விண்டோஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த ஒரு வாரம் அவருக்கு நான் கொடுத்த சிரமம் இன்றும் உறுத்துகிறது. கணினியைப் பார்ப்பதற்கு முன், அந்த வீட்டில் அதில் என்னென்ன வேலை நடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். டேலி, ஃபோட்டோஷாப், வேலோரண்ட் மாதிரி விளையாட்டு, அலுவலகம் கட்டாயப்படுத்தும் செயலி என்று ஏதாவது ஒன்று தவிர்க்க முடியாததாக இருந்தால், அந்த வீட்டுக்கு விண்டோஸ்தான். அதில் வாதாட ஒன்றுமில்லை.

லினக்ஸுக்கு ஆபத்தே வராது என்று சிலர் பெருமையாகச் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. 2024 மார்ச் மாதம் நடந்தது இது. லினக்ஸ் வகைகள் பலவற்றில் இருக்கிற எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலுக்குள், ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் கள்ளக் கதவு ஒன்றை ஒளித்து வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் சோதனைக் கணினியில் தொலைவிலிருந்து நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்டார். அந்த அரை வினாடியை விடாமல் துருவிப்போய்க் கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். உலகுக்கே பெரிய கேடாக முடிந்திருக்கக்கூடியது, பெரும்பாலான கணினிகளைச் சேரும் முன்பே பிடிபட்டது. மூல நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடந்ததால்தான் அவரால் அத்தனை தூரம் போய்ப் பார்க்க முடிந்தது. அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்ட்டில். நாம் இங்கே கட்சி பிரித்துச் சண்டை போடுகிறோம். அங்கே ஒரே மனிதர் இரண்டு பக்கத்துக்கும் உழைக்கிறார். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது மனசு நிறைந்தது.

எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும், அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லினக்ஸ் மின்ட் இணையதளத்திலிருந்து கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவசச் செயலியால் பென் டிரைவில் ஏற்றுங்கள். கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மறுபடி போடும்போது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான பொத்தானை அழுத்த வேண்டும். சிலவற்றில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும். நிறுவு என்று நீங்கள் சொல்லாதவரை உள்ளே இருக்கும் விண்டோஸையும் கோப்புகளையும் அது தொடாது. வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிடிக்கவில்லையா, அணைத்துவிட்டுப் பென் டிரைவை உருவிவிடுங்கள். பழையபடி விண்டோஸ் வரும். பிடித்திருந்தால், நிறுவுவதற்கு முன் படங்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வேறொரு டிரைவில் எடுத்து வையுங்கள். இதில் சோம்பல் கூடாது.

அக்கா போன வாரம் வந்திருந்தார். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டிருக்கிறாராம். பேட்டரி மட்டும் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாற்றப் போகிறேன்.

நன்றி, வணக்கம்.