பட்டவராயன் எதைக் காவல் காக்கிறார்?

பெரியோர்களே, தாய்மார்களே, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கிளம்பக் காத்திருக்கிற குடும்பத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கோயிலின் பெருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குலசாமி எதுவென்று தெரியாமல் தவிக்கிறவர்களைக்கூட, "சொரிமுத்து அய்யன் இருக்கார், அவரைப் போய்க் கும்பிடு" என்றுதான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். நான் பேச வந்தது அந்தக் கோயில் இருக்கிற காட்டைப் பற்றி.

பாபநாசம் தாண்டி மேலே ஏறினால் புலிக்காடு. முண்டந்துறை 1962-இல், களக்காடு 1976-இல் எனத் தனித்தனிச் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 1988-இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. அதற்கு எவ்வளவோ காலம் முன்பே அங்கே ஒரு காவல்காரர் இருந்தார். நம் பட்டவராயன்.

பட்டவராயனாகச் சாமியாகிவிட்ட முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். அந்தணர் வீட்டுப் பிள்ளை. சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்வதற்காகப் பூணூலைக் கழற்றிப்போட்டுச் செருப்புத் தைக்கக் கற்றவன். மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதி உயிரை விட்டான். அதனால்தான் அவர் சன்னதிக்குச் செருப்பை நேர்ந்துவிடுகிறோம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. ராத்திரியெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறாராம்.

சரி, அவர் எதைக் காவல் காக்கிறார்? நம்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் அங்கே தங்குவது சில நாள். மற்ற நாளெல்லாம் அங்கே இருப்பது யானையும் புலியும் சிங்கவால் குரங்கும், தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழும் காணி மக்களும், தாமிரபரணியும்தான். அவர் செருப்புத் தேய நடப்பது அவர்களுக்காகவும்தானே?

கோயிலில் மணி விழுங்கி மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இலுப்பை மரம். வேண்டிக்கொண்டு அதில் மணி கட்டுகிறோம். மரம் பருக்கப் பருக்க, பட்டை மணியின் விளிம்பைச் சுற்றி உதடு மாதிரித் தடித்து வளரும். கொஞ்சம் கொஞ்சமாக மணி உள்ளே போய்விடும். முழுசாய் விழுங்கிவிட்டால் வேண்டுதல் பலித்தது என்று நம் ஆட்கள் கும்பிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேண்டுதல் இது. பலன் கிடைக்க வேண்டுமென்றால் மரம் உயிரோடு இருந்து வளர வேண்டும், பாருங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குளித்துவிட்டுக் கட்டிய துணியை ஆற்றில் விடுகிற பழக்கம். பாவம் தொலையும் என்று யாரோ சொல்ல, நாமும் விடுகிறோம். பாலியஸ்டர் வேட்டியும் நைலக்ஸ் புடவையும் மட்காது. பாறை இடுக்கிலும் வேரிலும் சுற்றிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். மூச்சைப் பிடித்து முங்கி அதை இழுத்து எடுக்கிற தன்னார்வலர்களிடம் கேட்டுப் பாருங்கள், மூட்டை மூட்டையாய்க் கணக்குச் சொல்வார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்கிற இந்த ஆற்றைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. நம் பாவத்தைக் கீழே இருக்கிறவர் குடத்தில் ஊற்றிவிட்டு வருவது என்ன பரிகாரம்? கடுமையாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். துணியைத் துவைத்து, இல்லாதவருக்குக் கொடுங்கள். அது போதும்.

சோப்பு, ஷாம்பு பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். நாமே வீட்டில் எடுத்து வைத்துவிட்டுப் போனால் அங்கே வாக்குவாதம் இருக்காது.

அப்புறம் குரங்குகள். அவற்றுக்குப் பிஸ்கட் போடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறோம். அது காட்டில் தழையும் பழமும் தேடுவதை விட்டுவிட்டு, வண்டிச் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு ஓடி வருகிறது. சக்கரத்தில் அடிபட்டுச் சாகிறது. பிள்ளைகள் கேட்டால் இந்தக் காரணத்தையே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். பெரியவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம்!

இருட்டிய பிறகு கூடாரத்தை விட்டு விலகிப் போகாதீர்கள். மீந்த சோற்றைப் பக்கத்துப் புதரில் கொட்டினால் வாசனைக்குப் பன்றி வரும், கரடியும் வரலாம். பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வில்லும் உடுக்கையும் போதும் நம் சாமிக்கு.

இந்த வருடம் பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்திருக்கிறவர்கள் தோல் செருப்பாகவே தைத்து வாங்குங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். நன்றி, வணக்கம்.