வாயுள்ள ஊர்

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் 'மேடையில் பேசக் கற்போம்' என்ற தலைப்பில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, அங்கங்கே திருத்தியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் மாலை வணக்கம்.

விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, (உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது ஐயா, போய்விடாதீர்கள், கடைசியில் சொல்கிறேன்), மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, வருகிற பிள்ளைகளை 'சத்தம் போடாதே' என்று விரட்டாமல் உட்காரவைத்துப் புத்தகம் கொடுக்கும் நம் நூலகர் அவர்களே, பால் சங்கத் தலைவர் அவர்களே, நாற்காலி கொடுத்த வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, தாய்மார்களே, மாணவ மாணவியரே, காலையிலிருந்து ஒயரோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கித் தம்பி அவர்களே, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

'வணக்கத்திலேயே நேரத்தைக் கரைக்காதே' என்பதுதான் மேடைப் பேச்சின் முதல் பாடம். அதைச் சொல்ல வந்த நானே கரைத்துவிட்டேன். என்ன செய்வது, ஊருக்குள் ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த விழாவுக்குப் பந்தல் கிடைக்காது! (சிரிப்பு) அப்புறம், இந்தப் பொன்னாடை. அன்புக்கு நன்றி. வீட்டில் ஒரு பீரோ நிறைய இருக்கிறது. அடுத்த ஆண்டு யாருக்கும் துணி போர்த்த வேண்டாம், அந்தக் காசுக்கு இந்த நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிப் போடுங்கள். ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறேன், ஒவ்வொரு மேடையிலும் போர்த்துகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஐந்து செய்திகள் சொல்லலாம் என்று எழுதி வந்திருக்கிறேன். ஒன்று அச்சம், இரண்டு தயாரிப்பு, மூன்று குரல், நான்கு கேட்பவர் யார் என்று அறிவது, ஐந்து எப்படி முடிப்பது.

எங்கள் ஆத்தா அடிக்கடி சொல்லும்: "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்." ரேஷன் கடை வரிசையில் யாராவது உள்ளே புகுந்தால் ஆத்தா கேட்கிற கேள்வியில் அந்த ஆள் தானாகப் பின்னால் போய் நின்றுவிடுவான். கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷி. கூட்டத்தில் பேசுவதற்கும் ஆத்தாவுக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. இது மனதில் இருக்கட்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் அச்சம். திருக்குறளில் அவை அஞ்சாமைக்கு என்றே தனியாக ஓர் அதிகாரம் இருக்கிறது. போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள், சபையில் அஞ்சாமல் பேசுகிறவர் கிடைப்பதுதான் அரிது என்பது அதில் ஒரு குறளின் கருத்து. வள்ளுவர் காலத்திலேயே ஆட்களுக்குக் கால் நடுங்கியிருக்கிறது. நமக்கு நடுங்கினால் என்ன?

உடம்பில் நடப்பது இதுதான். நூறு ஜோடிக் கண்கள் நம்மையே பார்க்கும்போது உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, எச்சில் வற்றுகிறது, மூச்சு மேலாகவே ஓடுகிறது, அதனால் குரல் கீச்சென்று வருகிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிவிட்டது, நாமோ கையைக் கட்டிக்கொண்டு வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே இரண்டு மூன்று முறை மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மேடைக்கு ஓடாதீர்கள், நடந்து போங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் நிமிடம்தான் மோசம். அதைத் தாண்டிவிட்டால் உடம்பு தானாகவே இறங்கிவரும். அந்த ஒரு நிமிடத்துக்காக முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தயாரிப்பு என்றாலே நமக்கு மனப்பாடம்தான். தலைமையாசிரியை அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் பள்ளியைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். பேச்சுப் போட்டி என்று வைக்கிறோம். பேச்சை எழுதுவது ஆசிரியர், இல்லாவிட்டால் அப்பா. எந்த வரியில் கையை நீட்ட வேண்டும், எந்த வரியில் முஷ்டியை மடக்க வேண்டும் என்றுகூட அவர்களே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். பிள்ளை ஒப்பிக்கிறது. நடுவில் ஒரு வரி மறந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு, 'அவையோர் அனைவருக்கும் வணக்கம்' என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. கோப்பையை யார் வீட்டில் வைப்பது என்பதுதான் அங்கே போட்டி. தான் நினைத்ததைத் தன் வாயால் சொல்ல அந்தப் பிள்ளைக்கு எங்கே இடம் இருக்கிறது?

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு சின்னத் தாளில் மூன்று சொல் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று செய்திக்கு மூன்று சொல். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நாள் வேறு ஒருவரிடம் சொல்லுங்கள். வாக்கியம் ஒவ்வொரு தடவையும் மாறும். மாறட்டும், விஷயம் மாறாமல் இருந்தால் போதும். மேடைப் பேச்சைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துக் கத்திய கிரேக்கத்து டெமாஸ்தனிஸ் வந்துவிடுவார். கூழாங்கல் வேண்டாம், பல்லுக்கு நல்லதில்லை. வீட்டில் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதும்.

இந்த மேடைப் பேச்சு நமக்கு எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். புராணம் படித்துப் பொருள் சொல்வதும், காலட்சேபமும் நம்மிடம் முன்பே இருந்தன. 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். பாதிரிமார் பேசும் முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்து, அந்த முறையையே சைவத்துக்குக் கொண்டுவந்தார். சனத்துக்கு நேராக நின்று உரைநடையில் பேசுவது நம்மிடையே பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அங்கிருந்து தூத்துக்குடிக்கு வாருங்கள். 1908. கோரல் ஆலைத் தொழிலாளர்களிடம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசுகிறார்கள். சிவாவுக்கு அப்போது வயது 23. பிப்ரவரி கடைசியில் ஆலையில் வேலைநிறுத்தம். மார்ச் மாதம் இருவரும் கைது. பேச்சுக்காக சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்தர தண்டனை, அதாவது நாடு கடத்தல், வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. துப்பாக்கி வைத்திருந்த அரசாங்கம் தமிழ்ப் பேச்சுக்கு அப்படிப் பயந்தது. ஏன் பயந்தது? கேட்டுக்கொண்டிருந்தவன் ஆலைத் தொழிலாளி. பேச்சில் இருந்தது அவன் கூலி, அவன் வேலை நேரம்.

நம் பக்கத்து அம்மா ஒருவரையும் சொல்ல வேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1938 இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மா நடந்தே போனார், வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றால் அது ஆண்பிள்ளையை மட்டும் சொன்ன சொல் இல்லை.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நான் எந்தத் தலைப்பில் பேசினாலும் இங்கேதான் வந்து நிற்பேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். கிராம சபை! மைக் வேண்டும், மேடை வேண்டும் என்று அலைகிறோமே, சட்டமே நமக்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்திருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை, அழைப்பிதழில் பெயர் போட வேண்டியதும் இல்லை.

ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஓர் அக்கா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அக்டோபர் 2 கிராம சபைக்கு முதல் நாள் என்னிடம் வந்து, "சார், இந்த விஷயத்தை நீங்களே கேட்டுருங்க" என்றார். "நான் உங்க ஊர் வாக்காளர் இல்லையே அக்கா, நான் கேட்டா செல்லாது, நீங்கதான் கேட்கணும்" என்றேன். "எனக்கு வராது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கோயில் வாசலில் பந்தல். டீ கொடுத்தார்கள். பொதுவான தீர்மானங்களை வாசித்தார்கள். கொசு ஒழிப்பு, ஏகமனதாக நிறைவேறியது. பிளாஸ்டிக் ஒழிப்பு, ஏகமனதாக நிறைவேறியது. யாருடைய மனது என்றுதான் தெரியவில்லை, பாதிப் பேர் டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வரவு செலவுக் கணக்கையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். "யாராவது பேசுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அப்போது அந்த அக்கா எழுந்தார்.

மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "வேணாம் தம்பி, இதப் புடிச்சா கை நடுங்குது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். இப்போது பந்தல் காலும் சேர்ந்து நடுங்கியது, மேலே கட்டியிருந்த தோரணம் ஆடியது. பையன்கள் சிரித்தார்கள். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் மூச்சு இறங்கியது, குரலும் வந்துவிட்டது. "எல்லாரும் டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார். குடித்தோம் என்றார்கள். "அது எந்தத் தண்ணியில போட்டது?" கூட்டத்தில் பேச்சு மூச்சில்லை.

"நம்ம தொட்டித் தண்ணி. போன மாசம் தொட்டியக் கழுவினதா தூண்ல தேதி எழுதியிருக்கு. இப்ப கணக்குலயும் வாசிச்சீங்க, கேட்டேன். தேதி கீழ இருக்கு, தொட்டி மேல இருக்கு. நடுவுல ஏணியில அஞ்சு படி இல்ல. ஆடி மாசத்துலேர்ந்து இல்ல. படியே இல்லாம ஏறிக் கழுவினது யாருன்னு சொல்லுங்க, அவருக்குப் போடலாம்னு வாங்கியாந்திருக்கேன்" என்று சொல்லி, ஒயர் கூடைக்குள் கையை விட்டு ஒரு சாமந்தி மாலையை எடுத்தார்!

பந்தல் அதிர்ந்தது. கூட்டத்தைப் பார்வையிட அரசு அனுப்பியிருந்த அலுவலர், பற்றாளர் என்பார்கள், கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. சில நாளில் வெல்டிங் ஆள் வந்து படி வைத்தார், தொட்டியைக் கழுவினார்கள். கழுவிவிட்டு இறங்கிய தொட்டி ஆபரேட்டருக்கு அக்காவே மாலை போட்டார். பூ வாடிப்போயிருந்தது, அதனால் என்ன.

அவர் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. கேட்பவர்களின் கையில் இருந்த டீயிலிருந்து தொடங்கினார், கண்ணால் பார்த்ததைச் சொன்னார், ஒரே ஒரு கேள்வி கேட்டார். நடுங்கும் கைக்குப் பிடிக்க ஒன்றைக் கொடுத்துவிட்டார். மேடைப் பேச்சு வகுப்பில் பணம் கட்டி இதைத்தான் படிக்கிறோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார் ஆத்தா. அன்றைக்கு வாயுள்ள ஓர் ஊரே பிழைத்தது.

இன்னொன்று. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தால் நம் மாநில உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. ஆனால் எத்தனை ஊரில் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்று பதில் சொல்வது அவர் வீட்டுக்காரராக இருக்கிறது! அந்த அம்மாவுக்குப் பேச வராமல் இல்லை. மைக் அவர் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

சீட்டு வந்திருக்கிறது. 'பரிசளிப்புக்கு நேரமாகிறது' என்று தலைவர் ஐயா அன்பாக எழுதியிருக்கிறார். குரல், அவை அறிதல், முடிப்பு, மூன்றும் நிற்கின்றன. குரலுக்கு ஒரே வரி: மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள், ஊதிப் பார்க்காதீர்கள், தம்பிக்குக் காது வலிக்கும். மற்ற இரண்டும் இன்னொரு நாளைக்கு.

வட்டார வளர்ச்சி அலுவலர் ஐயா, கோரிக்கை இதுதான். அடுத்த கிராம சபைக்கு இந்த வட்டாரத்தின் எல்லா ஊராட்சியிலும் மேசைக்கு ஒரு மைக் போடுவதுபோல, சனங்கள் உட்காரும் பக்கம் இன்னொரு மைக் போடச் சொல்லுங்கள். பெண்கள் உட்காரும் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது. கணக்கைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். செலவு அதிகம் ஆகாது, ஒலிபெருக்கித் தம்பியிடம் கேட்டுவிட்டேன்.

நவம்பர் 1 வரைக்கும் சனிக்கிழமைதோறும் மாலையில் இந்த நூலகத்திலேயே பேசிப் பழகலாம் என்று நூலகர் இடம் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒப்பிக்கிறவர்களுக்கு இடமில்லை, உங்கள் தெருவைப் பற்றித்தான் பேச வேண்டும். பெயர் எழுதும் நோட்டு வாசலில் மேசைமேல் இருக்கிறது. தாய்மார்கள் போகிறபோது எழுதிவிட்டுப் போங்கள், பேனா கட்டித்தான் வைத்திருக்கிறது. பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு வாழ்த்து. நன்றி, வணக்கம்.