ஜிகர்தண்டா கடல்பாசியில் ஈசிஜி எடுக்க முடியுமா?

[மேசையில் ஒரு கிண்ணம், 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்ஈடி பல்பு]

இந்தக் கிண்ணத்தில் இருப்பது கடல்பாசி. பலசரக்குக் கடையில் வாங்கிய சைனா கிராஸைத் தண்ணீரில் காய்ச்சி, ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு ஆறவைத்தேன், அவ்வளவுதான். இந்த ஓரத்தில் ஒரு கம்பி, அந்த ஓரத்தில் ஒரு கம்பி. பல்பைப் பாருங்கள். எரிகிறதா? எரிகிறது! (பேட்டரியில் மட்டும் செய்யுங்கள், வீட்டு பிளக்கில் சொருகிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.)

வணக்கம் மக்களே. மதுரை விளக்குத்தூண் பக்கம் நின்றுகொண்டு நாம் ஸ்பூனில் வழித்துத் தின்கிற இதே வழுவழுப்பை உடம்பில் ஒட்டும் சென்சாராக மாற்ற முடியுமா என்று ஆய்வுக்கூடங்களில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜிகர்தண்டாவில் கடல்பாசிதான் போட வேண்டும், பாதாம்பிசின் போடுவது துரோகம் என்று ஒரு கோஷ்டி இருக்கிறது, அவர்கள் கமெண்டில் வந்து சண்டை போடலாம். ஆனால் ஒன்று, பிசினும் இயற்கை பாலிமர்தான். பாலிமர் என்றால் சின்னச் சின்ன மூலக்கூறுகள் பூச்சரம் மாதிரி நீளமாகத் தொடுத்துக் கிடப்பது. பாடம் முடிந்தது.

சரி, எதற்கு இது? கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். உடம்பில் ஓடுவது உப்பு அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏந்திய துகள்கள். இதயம் துடிக்கும்போது கிளம்பும் மின்சாரமும் இந்த அயனிகளின் நடமாட்டம்தான். ஒரு உலோகத் தகட்டைக் காய்ந்த தோலில் அப்படியே வைத்தால் சிக்னல் சரியாக வராது. நடுவில் ஈரமாக, உப்பாக ஒன்று வேண்டும். வெளியூர் பஸ்ஸில் வந்தவர் மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் ஏறுவதில்லையா, அந்த மாதிரி. அயனி ஜெல் வழியாக நடந்து வந்து, வெள்ளி–வெள்ளிகுளோரைடு பூசிய தகட்டில் சிக்னலை எலக்ட்ரானிடம் ஒப்படைக்கிறது. ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஜில்லென்று ஏதோ தடவுகிறார்களே, அதற்கு இதுதான் காரணம். என் அப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தபோது ஒட்டிய பட்டை காய்ந்துபோய்க் கிடந்தது, கோடு தாறுமாறாக ஓடி, மனிதருக்கு ஒன்றுமில்லை என்று தெரிவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், வேகமாக ஓட்டாதீர்கள்.

மதுரை வெயிலில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், 40 டிகிரியில் தள்ளுவண்டியில் வைத்தாலும் கடல்பாசி ஏன் உருகுவதில்லை? மாட்டு எலும்பு, தோலில் இருந்து எடுக்கும் ஜெலட்டினில் ஜெல்லி செய்து அதே வண்டியில் வைத்துப் பாருங்கள், 35 டிகிரியைத் தொடுவதற்குள் தண்ணீராகி ஓடிவிடும். கடல்பாசியோ அடம்பிடித்த ஜாதி. உறைவது 35, 40 டிகிரி பக்கம், ஆனால் ஒருமுறை உறைந்துவிட்டால் மறுபடி உருக்க 85 டிகிரி வேண்டும்! நீளச் சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பிரிப்பது அவ்வளவு கஷ்டம். 100 மில்லி தண்ணீரைக் கட்டி நிறுத்த ஒன்றரை கிராம் போதும் என்றால் யோசித்துப் பாருங்கள், நாம் தின்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான்.

இந்த அடத்தை முதலில் மருத்துவத்துக்குக் கொண்டுபோனது ஒரு சமையலறை. 1881, ஜெர்மனி. வால்தர் ஹெஸ்ஸே கிருமிகளை ஜெலட்டினில் வளர்க்கப் படாதபாடு படுகிறார். கிருமிக்குப் பிடித்த 37 டிகிரியில் ஜெலட்டின் உருகுகிறது, போதாததற்குச் சில கிருமிகள் அதையே தின்றும் விடுகின்றன. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, கோடையிலும் உருகாத புட்டிங் செய்பவர், ஜாவாவில் வாழ்ந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அகர் (நம் கடல்பாசிதான்) பற்றிக் கற்றவர், "இதைப் போட்டுப் பாருங்களேன்" என்கிறார். ஹெஸ்ஸே வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவர் ராபர்ட் காக் 1882 காசநோய் ஆய்வில் அகரைக் குறிப்பிட்டார், அந்தம்மா பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றுவரை லேப்களில் கிருமி வளர்ப்பது அகர் தட்டில்தான். எனக்கு இதில் கோபம் உண்டு, லைக் போட்டு நீங்களும் கோபப்படுங்கள்.

37 டிகிரி நம் உடம்பின் சூடும்தானே! அதனால்தான் தோலில் ஒட்டுவதற்கு இது ஏற்றது, உருகி வழியாது. காய்ந்து போவதுதான் தொல்லை, அதற்குக் கொஞ்சம் கிளிசரின் கலக்கிறார்கள்.

இந்தப் பாசி வருவதும் நமக்குத் தூரத்தில் இருந்து இல்லை. ராமநாதபுரம் கரையில், பாம்பன் பக்கம், பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான் அகருக்கு மூலப்பொருள். அங்கேயே கட்டக்கோரை என்று ஒரு பழுப்புப் பாசி, அதிலிருந்து ஆல்ஜினேட் என்ற இன்னொரு இயற்கை பாலிமர். அதில் கால்சியம் பட்டதும் கெட்டியாகிவிடும், அதையும் சென்சாருக்குப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்து இறால் ஓடு. அதிலிருந்து எடுக்கும் பாலிமர்தான் கைட்டோசான். சர்க்கரை சென்சாரில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைப் பிடித்து வைக்க இது உதவும், ஏனென்றால் இதற்கு நேர்மின்னூட்டம், நொதிக்கு எதிர்மின்னூட்டம், ஒட்டிக்கொள்ளும். அந்த நொதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. வெங்காயம் உரிக்கும்போது தோலில் கரிப்பொடி மாதிரி கையில் ஒட்டுமே, அந்தக் கூட்டம்தான். தாத்தாவின் சர்க்கரையை அளக்க இறால் ஓடும் வெங்காயக் கரியும்!

பட்டு பற்றிச் சொல்லாமல் விட்டால் நெசவுக்கார நண்பர்கள் அடிப்பார்கள். சாயம் போடும் முன் சோடாவில் காய்ச்சிப் பசையை நீக்குவார்கள் இல்லையா, ஆய்வகத்திலும் முதல் வேலை அதேதான். பிறகு லித்தியம் புரோமைடில் கரைத்து மெல்லிய படலமாக ஊற்றுகிறார்கள். 2010-இல் அமெரிக்காவில், அந்தப் படலத்தின் மேல் மிக மெல்லிய மின்முனை வலையை வைத்து ஒரு பூனையின் மூளை மேல் போட்டார்கள். பட்டு கரைந்து போக, வலை மட்டும் மூளையின் மடிப்புகளில் ஈரத்துணி மாதிரி படிந்துகொண்டது. (உங்கள் முகூர்த்தப் பட்டு மழையில் கரையாது, பயப்படாதீர்கள். நூலாக இருக்கும்போது அதன் கட்டமைப்பு வேறு.)

இவ்வளவு நல்லது என்றால் ஏன் கடையில் கொட்டிக் கிடக்கவில்லை? ஆடி மாதப் பாசியும் தை மாதப் பாசியும் ஒன்றாக இருக்காது. அளக்கும் கருவிக்கு இது பெரிய தலைவலி. ஒவ்வொரு மூட்டைக்கும் மறுபடி சரிபார்க்க வேண்டும். என் கணிப்பில், ஒருமுறை ஒட்டித் தூக்கிப் போடுகிற ஈசிஜி பட்டையில்தான் இது முதலில் ஜெயிக்கும், உடம்புக்குள் வைப்பதற்கு நாளாகும்.

அப்புறம், உப்புப் போடாமல் சர்க்கரை மட்டும் போட்ட துண்டிலும் பல்பைச் சோதித்தேன், சரியாக எரியவில்லை, சர்க்கரை அயனியாகப் பிரியாது. இரண்டையும் ஒரே மாதிரிக் கிண்ணத்தில் வைத்தது என் தப்பு.

[கேமரா ஆடுகிறது, இருமல் சத்தம்]

தம்பி, அது உப்புடா!